பெட்ரோல் கப்பல் வராத நாட்கள்

ஒரு நாற்காலியில் கால்மணி நேரம் தொடர்ந்து உட்கார எனக்கு வராது. அலுவலகத்தில் என் நாற்காலியில் பெரும்பாலும் என் கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். நான் கீழ்த்தளத்துக்கும் மொட்டைமாடிக்குமாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பேன். மொட்டைமாடியில் ஓர் அறை. அதில் ஓயாமல் ஓடும் ஏசி, அந்தக் குளிரில் வரிசையாக நாலு பெட்டிகள். கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் வழியாகப் போர்ட் பிளேரின் காற்றை உறிஞ்சி, அதில் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்று அந்தப் பெட்டிகள் எண்ணாகச் சொல்லும். அவற்றைத் துடைப்பது, வடிகட்டி மாற்றுவது, ஒழுங்காகத்தான் அளக்கின்றனவா என்று சோதிப்பது, வருகிற எண்களை லாக் புக்கில் ஏற்றுவது எல்லாம் என் வேலை. ஊரின் பெயரைச் சர்க்கார் மாற்றிக் கொஞ்ச காலம் ஆகிறது. படிவத்தில் புதுப் பெயரை எழுதுகிறேன். வாயில் பழையதுதான் வருகிறது.

சுற்றிலும் கடல் இருக்கிற ஊரில் காற்றை அளக்க என்ன இருக்கிறது என்று கேட்காத ஆளில்லை. என் அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். இந்த வேலை கிடைத்து நான் லீவில் ஊருக்குப் போனபோது அப்பா கேட்டார்: “காத்த அளந்து என்னா செய்வீங்க? மூட்ட கட்டி மெயின்லேண்டுக்கு அனுப்புவீங்களா?” அம்மா சிரித்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வர அதிக நேரம் பிடிக்காது.

என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். இருபது வயதில் கப்பலேறி இங்கே வந்தவர், இந்தியில் சண்டை போடக் கற்றுக்கொண்டு நிலைத்துவிட்டார். அவருக்கு இளைப்பு உண்டு. சட்டைப்பையில் ஓட்டுநர் உரிமம் இருக்கிறதோ இல்லையோ, வாயில் வைத்து இழுக்கிற பம்பு இருக்கும். ஷாதிபூரில் எங்கள் வீட்டுக்கு ஏறும் கடைசி மேட்டில் அவர் இரண்டு தடவை நிற்பார். நின்று, கடலைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார். அவர் மூச்சு வாங்குகிறார் என்பது எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் பதினெட்டு வருடமாக அந்த இடத்தில் அவர் கடல்தான் பார்க்கிறார்.

அந்த இளைப்புக்குக் காரணம் வண்டிப்புகை என்று கல்யாணமான புதிதிலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். சாயங்காலம் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தால் புகைநாற்றம் வரும். அதை அவர் மூக்குக்கு நேராக நீட்டுவேன். “இதத்தான் நாள் முழுக்கக் குடிக்கிறீங்க.” அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, “நேத்தைக்கு இத விட நல்லா இருந்துச்சு” என்பார். அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது. ஆகவே நான் புகையிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் புகையின் எண் ஏறினால் எரிச்சல், இறங்கினால் என்னவோ நானே கயிறு கட்டி இறக்கியதுபோல ஒரு சந்தோஷம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பிப்ரவரி கடைசியில், மெயின்லேண்டிலிருந்து பெட்ரோல் கொண்டுவரும் கப்பல் வரவில்லை. இன்ஜின் கோளாறு என்றார்கள் சிலர். துறைமுகத்தில் இடமில்லாமல் அங்கேயே நிற்கிறது என்றார்கள் சிலர். தீவில் எந்தக் கப்பல் ஏன் வரவில்லை என்பது எப்போதுமே பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் சரியாகத் தெரியும். முதல் நாள் பெட்ரோல் பங்க்கில் வரிசை நின்றது. இரண்டாம் நாள் வரிசை தெரு திரும்பியது. மூன்றாம் நாள் சாலையில் வண்டிகளே இல்லை. ஆளுக்கு இத்தனை என்று அளந்து கொடுத்தார்கள். அதுவும் சிலநேரம் பாதி வரிசையில் தீர்ந்தது.

அந்த மூன்றாம் நாள் காலையில் நான் நடந்தே அலுவலகம் போனேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அன்று பண்டிகை மாதிரி இருந்தது. ஊரே பெட்ரோலுக்கு அல்லாடிக்கொண்டிருந்தது, என் வீட்டில் ஆட்டோ காலி டாங்கோடு நின்றது, நானோ நடு ரோட்டில் கைவீசி நடந்துகொண்டிருந்தேன். துறைமுகத்தில் சங்கிலி இழுபடும் சத்தம் மேட்டுக்கு மேலே வரை கேட்டது. மாடிக்கு ஏறிப் பார்த்தால், வண்டிப்புகையை அளக்கும் பெட்டியின் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. கீழே ஓடிப்போய் எங்கள் அதிகாரியை அழைத்து வந்தேன். அவர் வங்காளி, இங்கேயே பிறந்தவர், மெல்லப் பேசுகிற மனிதர். கோட்டைப் பார்த்துவிட்டு, “மேடம், யே தோ ஜன்னத் ஹை” என்றார். சொர்க்கமாம். எனக்கும் அப்படித்தான் பட்டது.

பக்கத்துப் பெட்டியை இரண்டு பேருமே பார்க்கவில்லை. அது ஓசோனை அளப்பது.

ஓசோனின் போக்கு எனக்குத் தெரிந்த ஒன்றுதான். வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். இரண்டரை, மூன்று மணிக்கு உச்சிக்கு வரும். அலுவலகங்கள் விட்டு வண்டிகள் வீடு திரும்பும்போது மடமடவென்று இறங்கி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒன்றுமில்லாமல் போகும். வருடக்கணக்கில் அந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறேன். வெயிலோடு ஏறுவது சரி, வெயில் இருக்கும்போதே ஏன் அவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்கு அது வழக்கத்தைவிட உயரமாக ஏறியது. சாயங்காலம் இறங்கவும் இல்லை. அப்படியே மேலே நின்றது.

எனக்குச் சுருக்கென்றது. புகை இல்லாத நாளில் காற்று கெட்டுப்போகுமா? பெட்டி புளுகுகிறது என்று முடிவு கட்டினேன். எங்கள் வேலையில் அதற்கு இடமும் உண்டு. எண் விபரீதமாக வந்தால் முதலில் கருவியைச் சந்தேகப்படு என்றுதான் மெயின்லேண்டில் பயிற்சி கொடுத்தபோது சொல்லிக்கொடுத்தார்கள். மறுநாள் காலை வடிகட்டியை மாற்றினேன். குழாயைத் துடைத்தேன். ஜீரோ செக் செய்தேன். கரித்தூள் அடைத்த குப்பி வழியாகக் காற்றை அனுப்புவோம், கரி ஓசோனைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே போவது ஓசோன் இல்லாத காற்று. பெட்டி அப்போது சுழியம் காட்டினால் அது நல்ல பெட்டி. காட்டியது. நம்பாமல் இன்னொரு தரம் செய்தேன். மறுபடியும் சுழியம்.

புத்தியுள்ள எவளும் அந்த இடத்தில் பெட்டியிடம் மன்னிப்புக் கேட்டிருப்பாள். நான் வேறு குற்றம் தேடினேன். டீசல் தட்டுப்பாட்டில் பவர்ஹவுஸும் திணறிக்கொண்டிருந்தது, மின்சாரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிடித்துக்கொண்டேன் அதை. ‘மின்னழுத்தக் கோளாறு, ஏற்க இயலாது’ என்று எழுதி, முந்தின நாள் மதியத்து எண்களின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டேன். அதே மின்சாரத்தில்தான் பக்கத்துப் பெட்டியும் ஓடியது. புகை இறங்கிவிட்டது என்று அது சொன்னதை மட்டும் அப்படியே ஏற்றுக்கொண்டேன். இதை எழுதும்போதும் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டுத்தான் வந்து உட்கார்கிறேன்.

அன்று பதினொரு மணிக்கு வீட்டுக்கு ஒரு நடை போனேன். அவர் பெட்ரோலுக்குப் போக வேண்டியிருந்தது. ஆட்டோ ஓடாமல் அவருக்கு இருப்பு கொள்ளவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் பொருத்தமான ஜோடி. காலையில் பங்க் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒரே நெரிசல், லாரிகளும் ஜீப்புகளும் இன்ஜினை அணைக்காமல் நிற்கின்றன, புகை கண்ணைக் கரிக்கிறது என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எப்பப் போகட்டும்? நீ சொல்லு.”

“மத்தியானம் போங்க. சாப்பாட்டு நேரத்துல லைன் கொறயும். ரோட்டுல ஒரு காடி ஓடல. காத்து இப்ப கழுவி வச்ச மாதிரி இருக்கு.”

“மத்தியானம் வெயிலு சாத்துமே புள்ள.”

“வெயிலு என்னா செய்யும்? பொகதான் உங்களுக்கு ஆவாது.”

“சரி, காத்து ஆபீஸ் உத்தரவு” என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார்.

பங்க் வரிசையில் ஆட்டோக்காரர்கள் இன்ஜினைப் போடமாட்டார்கள். டாங்கில் ஒட்டிக்கொண்டிருக்கிற சொட்டும் வீணாகிவிடும் என்று, வரிசை நகர நகர இறங்கித் தள்ளுவார்கள். எங்கள் ஊரில் சமதரை என்பது அபூர்வம். ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, தோளைக் கொடுத்து, மேட்டில் ஏற்ற வேண்டும். முன்னால் இருக்கிறவர் பின்னால் இருக்கிறவருக்குக் கை கொடுப்பார். தெலுங்கு, வங்காளம், மலையாளம், தமிழ் எல்லாம் அந்த வரிசையில் ஒரே இந்தியில் ‘ஜோர் சே’, இன்னும் பலமாக, என்று தள்ளும். மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து நாலு வரை, வெயிலில், வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு அவர் அதைச் செய்தார். ஓசோன் ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் அதிகமாகப் போவதற்கு இதைவிடத் தோதான ஒரு வழியை நானே உட்கார்ந்து யோசித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அன்று பெட்ரோல் கிடைக்கவில்லை. ஆட்டோவை வரிசையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். வறட்டு இருமல். “மூச்ச இழுத்தா நெஞ்சுல கீறுது” என்றார். தூசி பட்டிருக்கும் என்று வெந்நீர் கொடுத்தேன். மறுநாள் காலையில் மாடிக்குப் போய்ப் பார்த்தால், அந்த மதியமும் ஓசோன் உச்சியில் நின்றிருந்தது. சிவப்பு மை கையில் இருந்தது. கோடு போட்டேன். கையெழுத்தும் போட்டேன். அன்று மத்தியானம் அவர் மறுபடியும் வரிசைக்குப் போனார்.

மூன்று இருபதுக்குப் போன் வந்தது. அவருடைய ஸ்டாண்டில் ஓட்டும் தெலுங்குக்காரர். இந்தியில், பதறாமல் கேளுங்கள் என்று ஆரம்பித்தார். அந்த ஆரம்பத்திலேயே நான் படியிறங்கத் தொடங்கிவிட்டேன். மேட்டில் தள்ளும்போது மூச்சு அடைத்துவிட்டதாம். பம்பு நாலைந்து தரம் அடித்தும் கேட்கவில்லையாம். உதடு நிறம் மாறியிருக்கிறது. வரிசையின் தலையில் அப்போதுதான் ஒருவருக்குப் பெட்ரோல் ஊற்றி முடித்திருந்தார்கள். அவர் அந்த வண்டியில் இவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்துவிட்டாராம்.

நான் ஓடினேன். வண்டி இல்லாத ஊரில் வேறு என்ன செய்வது? இரண்டு நாளாக நான் கைவீசி ரசித்து நடந்த அதே காலி ரோடு. ஏதாவது ஒரு வண்டி வராதா, எவ்வளவு புகை கக்கினாலும் பரவாயில்லை, வராதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினேன். பாதி வழியில் எனக்கே நெஞ்சு எரிந்தது. பயம் என்று நினைத்தேன். பயமும்தான்.

அவருக்கு முகமூடி மாட்டி மருந்துப்புகை விட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். விரலை மட்டும் ஆட்டினார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவர் விலா எலும்புகள் உள்ளே வெளியே போவது நின்றது. டாக்டர் சின்ன வயதுப் பெண். என்ன காரணம் என்று கேட்டேன். வெயில், வண்டி தள்ளிய சிரமம், தூசி, இந்தப் பருவத்துப் பூந்தாது, எதுவும் இருக்கலாம், இதுதான் என்று சொல்ல முடியாது என்றார்.

“ஓசோனா இருக்குமா?” என்றேன். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியவில்லை.

“இருக்கலாம். இளைப்பு இருக்கிறவங்களுக்கு அது கூடினா ஆகாது. ஆனா இங்க அதெல்லாம் யாரு அளக்குறாங்க?” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சுவரில், ஓசோன் இறங்காமல் நிற்கிற நேரத்தைக் காட்டிக்கொண்டு ஒரு கடிகாரம் இருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் ஜன்னல் வழியே பார்த்தால், ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் ஆட்டோ நின்றது. அவர் இல்லாவிட்டாலும் வரிசையில் அவருடைய இடம் போகக் கூடாது என்று, மற்ற ஓட்டுநர்கள் தங்கள் வண்டியோடு அதையும் ஆளாளுக்குத் தள்ளிக் கொண்டுபோய், பெட்ரோல் போட்டு, இங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். சாவியைத் தெலுங்குக்காரர் என் கையில் கொடுத்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு, “பஸ், பஸ், டென்ஷன் மத் லோ” என்றார். போதும், போதும், கவலைப்படாதீர்கள் என்று.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போனதும் பயிற்சிக்குப் போனபோது எழுதிய என் நோட்டைத் தேடி எடுத்தேன். நடுப்பக்கத்தில், என் கையெழுத்தில், அடிக்கோடு போட்டு இருந்தது: ‘ஞாயிறு. வண்டி குறைவு. பெருநகரங்களில் ஓசோன் கூடும்.’ அடுத்த வரியில் காரணமும் இருந்தது. வண்டிப்புகையில் வரும் நைட்ரிக் ஆக்சைடு, பக்கத்தில் இருக்கும் ஓசோனைத் தின்றுவிடும். வண்டிகள் குறைந்தால் தின்பதற்கு ஆளில்லை, ஓசோன் மிஞ்சும். அதனால்தான் சாயங்காலம் வண்டிகள் கிளம்பியதும் அந்தக் கோடு அப்படி இறங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் வண்டி இல்லாத அந்த நாட்களில் இறங்காமல் நின்றது. பாடம் எடுத்தபோது இது பெருநகரத்து விவகாரம், நம் ஊருக்கு எதற்கு என்று நினைத்தது இப்போதும் நினைவிருக்கிறது. அதையும் மீறி எதற்கு அடிக்கோடு போட்டேனோ.

எண்கள் பெரிய எண்கள் இல்லை. டில்லிக்காரர் பார்த்தால் சிரிப்பார். அதனால்தான் இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. ஓசோனா, வெயிலா, மேடா, மத்தியானம் முழுக்கப் பட்டினியோடு தள்ளியதா? எது என்று எனக்கு யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் சிவப்புக்கோடு யார் போட்டது என்பதில் சந்தேகமே இல்லை.

அதிகாரியிடம் சொன்னேன். “மெஷின் கராப் நஹி ஹை.” மெஷின் கெடவில்லை, கெட்டது நான்தான். அவர் லாக் புக்கைப் புரட்டிப் பார்த்தார். கப்பல் நாளை வந்துவிடும், எல்லாம் பழையபடி ஆகிவிடும், இதை யார் கேட்கப்போகிறார்கள் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரே பேனாவைத் திறந்து நீட்டினார். அடித்த எண்ணை அழிக்கக் கூடாது, கோட்டுக்கு அடியில் படிக்கத் தெரியும்படி இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. கோடுகளை விட்டுவிட்டு, பக்கத்தில் ‘கருவி சரி, இந்த எண்கள் செல்லும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

கப்பல் வந்தது. ஊர் மறுபடியும் ஹாரன் அடித்தது. அன்று சாயங்காலம் வண்டிகள் கிளம்ப, ஓசோன் கோடு சமர்த்தாக இறங்கியது. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே போகிற வண்டிகளைப் பார்த்தேன். அவற்றைத் திட்டுவதா, நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. அத்தனை வருடச் சண்டையில் எதிராளி யார் என்றே தெரியாமல் போனது எனக்கு ஆத்திரமாக இருந்தது.

வீட்டில் அவரிடம் பாதியைச் சொன்னேன். புகை ஓசோனைத் தின்னும் என்கிற பாதியை. நான் முன்கூட்டியே எண்ணைப் பார்த்தேன், பார்த்தும் அனுப்பினேன் என்கிற பாதியைச் சொல்லாமல் அவர் தலையணையைச் சரிசெய்தேன். அவர் படுக்கையில் சாய்ந்தபடி கேட்டு, மெல்லச் சிரித்தார்.

“அப்ப எம் புகைதான் எனக்கு மருந்து.”

“அப்பிடி இல்லங்க.”

“நீதான சொன்ன.”

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ஸ்டாண்டு முழுக்க இதைப் பரப்பிவிட்டார். ஒரு வாரத்தில் நான் அந்தப் பக்கம் போனால், பழைய ஆட்டோக்காரர்கள் சைலன்ஸரைக் காட்டி, “மேடம், தவாய் சாஹியே?” என்று கேட்கும் நிலை. மருந்து வேண்டுமா என்று என்னையே கேட்கிறார்கள். நான் ஆட்டோ ஸ்டாண்டில் நின்று சண்டை போட்டேன். அந்தப் புகை ஓசோனை இங்கே விழுங்கிவிட்டு அங்கே துப்புகிறது, விழுங்கியதோடு அது ஒழிந்துபோவதில்லை, காற்றோடு போய், வெயிலில் வெந்து, புரோத்ராபூர் காய்கறித் தோட்டத்து மேலே திரும்ப ஓசோனாக எழும்புகிறது, அங்கே இருக்கிறவனுக்கு நெஞ்சு இல்லையா என்று கத்தினேன். ஒருவர், அவருக்குப் புரோத்ராபூரில்தான் வீடு, சிரிப்பை நிறுத்தினார்.

எனக்குத் தூக்கம் கெட்டதெல்லாம் இதில் இல்லை. சொல்லாத அந்தப் பாதியில். அவர் மேட்டில் நின்று கடலைப் பார்க்கிறபோதெல்லாம் நான் முன்னால் ஏறிப் போய்விடுவேன். நான் முன்பைவிட அதிகமாக ஏறி இறங்கினேன். தேவையில்லாமல் ஜீரோ செக் செய்தேன். அவரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். “காத்து ஆபீஸ்ல புயலு” என்பார்.

போன வருடம் அவருடைய ஆட்டோ வயதாகி ஓய்ந்தது. பேட்டரி ஆட்டோ எடுக்கலாமா என்று யோசித்தார். ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, வழக்கமான கேலி இல்லாமல் கேட்டார்.

“எல்லாப் பயலும் பேட்டரிக்கு மாறிட்டா, புகை போயிரும். அப்ப அந்த ஓசோன் கூடுமா கூடாதா? நெசமாச் சொல்லு.”

எனக்கு உடனே ‘கூடாது’ என்று சொல்ல வந்தது. அந்த அவசரத்தை எனக்குத் தெரியும். கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னேன். “ஊருக்குள்ள மொதல்ல கொஞ்சம் கூடலாங்க. பாதி கொறச்சா கூடும். நிறுத்தாம முழுசாக் கொறச்சு, பெட்ரோல் ஆவி, குப்ப எரிக்கிறது எல்லாத்தையும் சேத்துக் கொறச்சாத்தான் எறங்கும். அப்பவும் பிப்ரவரி, மார்ச்சுல மெயின்லேண்டுப் பக்கத்துலருந்து கடல் தாண்டிக் காத்தோட வர்றது வந்துகிட்டேதான் இருக்கும். அத நம்மளால ஒண்ணும் செய்ய ஏலாது.”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். “மேடு ஏறுறாப்புல. பாதியில நின்னா அங்கிட்டும் இல்ல, இங்கிட்டும் இல்ல” என்றார். பேட்டரி ஆட்டோவே எடுத்தார்.

இந்த மார்ச்சில் ஒருநாள் மத்தியானம், பல் வலியென்று அரைநாள் லீவு போட்டேன். பல் டாக்டரிடம் அழைத்துப்போக அவர் வந்தார். பழைய ஆட்டோவில் பின்சீட்டில் உட்கார்ந்து நான் எது முணுமுணுத்தாலும் அவர் காதில் விழாது. அந்த இன்ஜின் சத்தத்தை நம்பி எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருக்கிறேன். அன்றும் பழக்கத்தில், முகத்தைத் திருப்பிக்கொண்டு, கன்னத்தைக் கையால் பொத்தியபடி, எனக்குள் சொல்வதாக நினைத்துச் சொல்லிவிட்டேன். “அன்னிக்கி லைனுக்கு அனுப்புறதுக்கு முன்னாலயே நம்பர நான் பாத்துட்டேன்.”

வண்டி சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

“எந்த லைனு?” என்றார்.

எனக்கு எழுந்து ஒரு நடை நடக்க வேண்டும் போலிருந்தது. ஓடுகிற ஆட்டோவில் எழுந்து எங்கே நடப்பது? இருந்த இடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு தடவை பெட்டி சரியென்று காட்டியதை. அதற்குப் பிறகும் அடித்ததை. இருமலோடு வந்தவருக்கு வெந்நீர் கொடுத்ததை. மறுநாள் காலையில் திரும்பவும் அடித்துக் கையெழுத்துப் போட்டதை. மத்தியானம் போங்கள் என்று சொன்ன வாய் பொய்யாகிவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்பதை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவர் நெற்றி மட்டும் தெரிந்தது.

இறக்கம் முடிந்து அடுத்த மேடு ஆரம்பிக்கும் இடத்தில், ஒரு பாதாம் மரத்துக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தார்.

“நான் உன்னக் கேட்டுட்டுத்தான போனேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன்.

“ஆமாங்க.”

அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

“இன்னைக்கு எவ்வளவு?”

கிளம்பும்போது மாடியில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அவருக்கு அன்று மத்தியானம் நல்ல சவாரி இருந்தது, கப்பலில் வந்த ஆட்கள் காத்திருந்தார்கள். என் பல்லும் தெறித்துக்கொண்டிருந்தது, சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது.

“நேத்த விடக் கூட” என்றேன்.

அவர் தலையாட்டினார். ஆட்டோவை ஒடித்துப் பாதாம் மர நிழலில் நிறுத்தி, சாவியை எடுத்துப் பம்போடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு, பின்சீட்டில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஓசோன் இறங்கத் தொடங்குகிற நாலு மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். நான் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை.